காலுக்குக் கேட்ட காசு

"இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப மிதி!" என்று சொல்லும்போதே தானும் மிதித்துவிடுகிறாள் பிரேக் அக்கா. ஓட்டுநர் பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் மறந்தால் கற்றுக்கொடுப்பவர் மிதிக்க வேண்டும். சரி, அது வேலை. ஆனால் அக்காவின் வலது கால், வண்டியை விட்டு இறங்கிய பிறகும் வேலையை விடுவதில்லை. பல் மருத்துவரின் நாற்காலியில் ஊசி நெருங்கினால் மிதிக்கிறாள். தொலைக்காட்சியில் யாராவது யாரையாவது காரில் துரத்தினால் மிதிக்கிறாள். அண்ணன் வீட்டில் அண்ணி சுடச்சுடக் காபியை எடுத்துக்கொண்டு வேகமாக வந்தாலும் மிதிக்கிறாள். அவள் உட்காரும் இடத்தில் மட்டும் தரைவிரிப்பு தேய்ந்துபோனதாக அண்ணி குறை சொல்கிறாள். கொஞ்சம் மிகைதான், முழுப் பொய் இல்லை.

ஐம்பதைத் தொடப்போகிற வயது. நல்ல குள்ளம். முதுகுக்கு ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு தலையணை வைத்தால்தான் அவளுக்குச் சாலை தெரியும். அதைக் கேலி செய்பவர்களுக்குப் பதில் தயாராக வைத்திருக்கிறாள். "உசரமா இருக்கறவனுக்குத் தூரம் தெரியும். குள்ளமா இருக்கறவளுக்குப் பள்ளம் தெரியும். வண்டிக்கு எதுய்யா முக்கியம்?"

கைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய் இருக்கும். நன்றாக ஓட்டியவர்களுக்கு அது கிடைக்காது. ரவுண்டானாவின் நடுவே வண்டி நின்றுபோய், நாலு பக்கமும் ஹாரன் அடிக்க, கைகால் உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ஒன்றை உரித்துக் கொடுப்பாள். "நல்லா ஓட்டினவனுக்கு எதுக்கு மிட்டாய்? அவன் சந்தோஷமா இருக்கான். வாய் காஞ்சு கெடக்கறவனுக்குக் குடுத்தா உதவும்" என்பது அவளுடைய கட்சி. அவளிடம் பத்து மிட்டாய் தின்று தேறியவர்கள் இன்றைக்குப் பேருந்தே ஓட்டுகிறார்கள்.

பெயர் அவளுக்கு நினைவில் நிற்காது, தப்பு நிற்கும். அதனால் ஆளுக்கொரு தப்பே ஆளுக்கொரு பெயர். கிளட்ச்சை விடவே மாட்டேன் என்று குரங்குப்பிடியாகப் பிடிக்கும் வங்கி அதிகாரி "கிளட்ச்". சும்மா நிற்கும் வண்டியைப் பார்த்தும் ஹாரன் அடிக்கும் துணிக்கடைக்காரர் "ஹாரன்". ஒரு முனையில் திரும்புவதற்குள் முன்னும் பின்னும் மேலும் கீழும் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, பின்னால் வருகிறவனுக்குத் தாடியே வளர்த்துவிடும் இளம்பெண் "ஆராய்ச்சி". அந்தப் பெண் உண்மையிலேயே ஆராய்ச்சிதான் செய்கிறாள் என்பது பெயர் வைத்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

யாராக இருந்தாலும் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள். "எங்க போகணும்? முதல்ல அதச் சொல்லு, அப்புறம் வண்டிய எடு." பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. "சும்மா ஒரு ரவுண்டு" என்பார்கள். சும்மா ஒரு ரவுண்டுக்கு அக்கா சாவி தரமாட்டாள்.

பயிற்சிப் பள்ளியின் மற்ற பாதி வீட்டில் இருக்கிறார். அக்காவின் கணவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவரைச் "சிக்னல் அண்ணன்" என்கிறார்கள். ஒரு காலத்தில் அவர் போக்குவரத்து விளக்குகளைப் பழுது பார்ப்பவராக இருந்தார். ஊரில் எந்த முனையில் எந்த விளக்கு சோம்பேறி என்று அவருக்கு அத்துப்படி. ஒரு மழை நாளில் பச்சை விளக்கை மாற்றப் போனவர் ஏணியோடு சாய்ந்தார். தண்டுவடத்தில் அடி. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொல் கேட்பதில்லை. "எனக்கு இப்ப நிரந்தரமா சிவப்புதான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி முன்னறை மேசையில் சாலைகளை வரைந்து, தீப்பெட்டிகளை வண்டிகளாக்கி, சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்கிறார். தொலைபேசியில் நேரம் குறிப்பதும் அவர்தான். அவர் குரலைக் கேட்டுச் சேர வந்தவர்கள் உண்டு. அக்காவின் குரலைக் கேட்டு ஓடிப்போனவர்களும் உண்டு.

அடிபட்ட அந்த நாட்களில் அக்கா மருத்துவரின் சட்டையைப் பிடிக்காத குறை. "இதுக்கு மருந்து இருக்கா இல்லையா?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது என்றார் அவர். ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்பது அடுத்த கேள்வி. எங்கோ கடல் கடந்த இடத்தைச் சொல்வார் என்று நினைத்தாள். மருத்துவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, இரண்டு தெரு தள்ளி ஒரு சாம்பல் நிறக் கட்டடம் என்றார். மூளை, தண்டுவட ஆராய்ச்சி மையம். அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். கட்டடம் அவள் மனதில் பதியவில்லை, அதன் கீழ்த்தளத்தில் இருந்த வாகன நிறுத்தம்தான் பதிந்தது. குறுகலான சரிவு, இருட்டு, தப்பான இடத்தில் ஒரு தூண். ஊரிலேயே பொல்லாத நிறுத்தம்.

அக்காவின் வழக்கம் அங்கேதான் பிறந்தது. தேர்வில் தேறுகிறவர்கள் பூங்கொத்து, இனிப்புப் பெட்டி, சுவர்க்கடிகாரம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். (வீட்டில் ஒரு காலத்தில் ஏழெட்டுக் கடிகாரம் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.) அக்கா அவற்றைத் தொடமாட்டாள். "எனக்குக் குடுக்கறத அங்க குடு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்காருவாள். உரிமம் வாங்கியவருடைய முதல் ஓட்டம் அந்தக் கட்டடத்துக்குத்தான். அந்தச் சரிவில் இறங்கி, அந்தத் தூணுக்குப் பக்கத்தில், பின்பக்கமாக வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு மாடிக்குப் போய், முடிந்ததைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். எவ்வளவு என்று அவள் கேட்டதே இல்லை. தூணில் உரசியதா இல்லையா என்பதைத்தான் குனிந்து பார்ப்பாள். "அக்கா, தூணுக்கு வயசாயிடுச்சு, இனிமே அடி தாங்காது" என்று அங்கிருக்கும் காவல்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் அக்காவும் சிரிப்பாள்.

மாடிக்கு மட்டும் அவள் போனதில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். ஊரே பயப்படும் பெண்மணிக்கு அந்தப் படிக்கட்டு என்றால் பயம். உள்ளே போனால் "எப்ப?" என்று வாய் கேட்டுவிடும். கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அதனால் கீழே இருந்துகொண்டே நம்பினாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "இன்னைக்கு இன்னொருத்தி போய்க் குடுத்துட்டு வந்தா. உங்க காலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்துட்டோம்" என்பாள். அவர் தலையாட்டுவார்.

அந்த நம்பிக்கையால் வீட்டில் சில வேலைகள் நடக்கவே இல்லை. வாசல்படியில் சரிவு கட்டவில்லை, ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாள். குளியலறைக் கதவு நாற்காலிக்குப் போதாது. அவர் வாசலிலேயே நாற்காலியை விட்டுச் சக்கரம் வைத்த ஒரு முக்காலிக்கு மாறி, சுவரைப் பிடித்து நகர்ந்து நகர்ந்து உள்ளே போக வேண்டும். கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லி அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். "கொஞ்ச நாளைக்காக எவனாச்சும் சுவத்த இடிப்பானா?" என்று அக்கா அவன் வாயை அடைத்துவிடுவாள். அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது ஒன்பது வயது.

விஷயம் ஒரு காலை நேரத்தில், பழச்சந்தை முனையில் வெடித்தது. வண்டியை ஓட்டியது ஆராய்ச்சி. மையத்தில் வேலை செய்யும் பெண் என்பதால் அக்கா அவளிடம் கட்டணம் வாங்குவதில்லை, ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று கேட்பதும் இல்லை. அன்றைக்கு அந்தப் பெண் முதல் முறையாகத் தயங்காமல் ஒரு முனையில் திரும்பினாள். திரும்பிய மகிழ்ச்சியில் வாயும் திறந்துகொண்டது.

"அக்கா, உங்களுக்கு நான் ஒரு தடவை கூட நன்றி சொல்லலியே. உங்க ஸ்கூல் பேர்ல வர்ற பணத்துலதான் எங்க பிரிவே ஓடுது."

"எந்தப் பிரிவு?"

"சிறுநீர்ப்பைதான் அக்கா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வண்டி நட்டநடுச் சாலையில் குலுங்கி நின்றது. பின்னால் ஒரு சரக்கு வண்டிக்காரன் ஹாரனை அமுக்கியவன் கையை எடுக்கவில்லை.

"நான் மிதிக்கலியே அக்கா!" என்றாள் அந்தப் பெண், பதறிப்போய்.

"நான்தான் மிதிச்சேன். ஓரமா நிறுத்து."

ஓரமாக நிறுத்தினாள். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மூத்திரப் பைக்கா? நான் காலுக்குன்னு சொல்லித்தானே எல்லாரையும் அனுப்பினேன்?"

"கால் வேற பிரிவு அக்கா, மேல் மாடி. அதுக்குப் பெரிய பெரிய எடத்துலேருந்து பணம் வருது. அதனால எதுக்குன்னு எழுதாம வர்ற உங்க பணத்த எங்க பக்கம் தள்ளிடறாங்க. எங்களுக்குத்தான் வேற யாரும் தர்றதில்ல. நடக்கறவரப் படம் எடுத்து ஊர் பூரா ஒட்டலாம். இத எப்படிப் படம் எடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே விளக்கினாள். பை நிரம்பினால் நிரம்பியது என்று மூளைக்குச் சொல்லும் வழி தண்டுவடத்தில் அறுந்துபோகிறது. வேறு வழியில் அந்தச் சேதியைச் சொல்ல முடியுமா, விட வேண்டிய நேரத்தில் விடச் செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். இன்னும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் போன வருடத்தைவிடக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "யாரு உங்ககிட்ட இதக் கேட்டா?"

"அடிபட்டவங்கதான் அக்கா. எது முதல்ல சரியாகணும்னு அவங்களையே கேட்டோம். நடக்கணும்னு சொல்வாங்கன்னு நாங்களும் நெனச்சோம். பாதிப் பேருக்கு மேல இதத்தான் சொன்னாங்க."

"என் வீட்டுலயும் ஒருத்தர் அடிபட்டுத்தான் உக்காந்திருக்கார். அவர வந்து கேட்டீங்களா?"

அந்தப் பெண் பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "யார் யாரக் கேட்டோம்னு வெளிய சொல்லக் கூடாது, அக்கா."

"இனிமே என் வண்டி அந்தத் தூண் பக்கம் வராது. போய்ச் சொல்லிடு."

"சரிக்கா" என்றாள் ஆராய்ச்சி. கெஞ்சவில்லை. வண்டியைக் கிளப்பியபடி, "அப்ப எங்க பிரிவ மூடிடுவாங்க. அத நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் சொல்றேன்" என்றாள்.

அன்றைக்கு அக்கா அவளுக்கு மிட்டாய் தரவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்ததுபோல், அன்று மதியம்தான் துணிக்கடை ஹாரன் தேர்வில் தேறினார். புதுச் சட்டை, சட்டைப்பையில் பண உறை, முகமெல்லாம் பல். "அக்கா, தூணுக்குப் போலாமா?" என்றார். அக்கா வேறு பக்கம் கையைக் காட்டினாள். பெரிய கடை ஒன்றின் அகலமான நிறுத்தத்தில், எருமை மாடுகூட நிறுத்திவிடும் இடத்தில், அவரை வண்டியை நிறுத்தவைத்தாள். "இத யார்கிட்டக் குடுக்கறது?" என்று உறையைத் தொட்டுக்கொண்டு கேட்டார் பாவம். "உங்ககிட்டயே இருக்கட்டும், சொல்றேன்" என்றாள். ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காமல் அவர் வீடு திரும்பினார்.

சாயங்காலம் கணவர் தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து கொட்டித் தீர்த்தாள். நின்றுகொண்டே பேசினாள். "ஒம்பது வருஷமா ஒவ்வொருத்தர்கிட்டயும் காலு காலுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். இப்ப அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? உங்க பணமெல்லாம் ஒண்ணுக்குப் போறதுக்குப் போயிடுச்சுன்னு சொல்லவா? சிரிக்க மாட்டாங்க? எவனோ நாலு பேர் கேட்டானாம், இவங்க செஞ்சாங்களாம்! கால் வந்தா மத்ததெல்லாம் தன்னால வராதா? இதுகூடத் தெரியாம என்ன படிப்பு?"

அவர் ஒரு தீப்பெட்டியை எடுத்து ரவுண்டானாவுக்குள் வைத்தார். திரும்ப எடுத்தார்.

"என்னங்க, நான் பாட்டுக்குக் கத்திட்டிருக்கேன், நீங்க வாயே தெறக்க மாட்டேங்கறீங்க?"

"அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன்" என்றார்.

அக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போன் பண்ணிக் கேட்டாங்கம்மா. நீ வண்டியோட வெளிய போயிருந்த. எது முதல்ல சரியாகணும்னு கேட்டாங்க. இத்தன வருஷத்துல அப்படி ஒரு கேள்விய யாரும் கேட்டதில்ல. யோசிக்காம சொல்லிட்டேன்."

"நடக்க வேணாமா உங்களுக்கு?"

"வேணாம்னா சொல்றேன்? குடுத்தா வாங்கிக்குவேன். ஆனா நடக்கறதப் பத்தி நான் என்னைக்காவதுதான் நெனைக்கறேன். இதப் பத்தி முழிச்சிருக்கற நேரமெல்லாம் நெனைக்கறேன். மூத்திரம் எடுக்க எப்ப குழாய் போடணும், எங்க போடணும், கதவு எப்படி இருக்கும், துணி நனஞ்சுடுமா, கிருமி ஏறி மறுபடி காய்ச்சல் வருமா. பாடம் சொல்லிக்குடுக்கும்போதுகூட ஒரு கண்ணு கடிகாரத்துலதான். உன் அண்ணன் எத்தன தடவ கூப்பிட்டிருப்பான்? நாற்காலில வரக் கூச்சம்னு நீ அவன்கிட்டச் சொன்ன. எனக்கு நாற்காலில என்ன கூச்சம்? அவன் வீட்டு சோபாவ நனச்சுட்டா?"

குழாய் போடுவது அக்காவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. குழாயைக் கொதிக்கவைத்து எடுத்துவைப்பது அவள் கைதான். காய்ச்சல் வந்த நாட்களில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். தெரிந்த விஷயம்தான், ஆனால் அதை அவள் காலுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்திவைத்திருந்தாள்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒவ்வொருத்தரா தேற வச்சு, அங்க கூட்டிட்டுப் போயிட்டு வந்து, வாசல்லயே நின்னு 'கிட்ட வந்துட்டோம்'னு சொல்லுவ. அப்ப உன் மூஞ்சியப் பாக்கணுமே! அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி ஒண்ணுக்குன்னு சொல்வேன்? நீயும் கேக்கல."

அக்கா மேசையில் இருந்த ஒரு தீப்பெட்டியை ஓரமாக நகர்த்தினாள். "சாவி குடுக்கறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கறவங்களயெல்லாம் கேக்கறேன், எங்க போகணும்னு. உங்களக் கேக்காமயே ஒம்பது வருஷம் ஓட்டியிருக்கேன்" என்றாள்.

"போன வழி தப்பில்லம்மா. பணம் சரியான எடத்துக்குத்தான் போயிருக்கு. சிக்னல் எரியலன்னா ஒரு ஆள் நின்னு கை காட்டுவாரே, அந்த மாதிரி ஏதோ பண்றாங்களாம். நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு வருதோ இல்லையோ, வேலை நடக்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே எனக்குப் பாதி பாரம் எறங்கிடுச்சு. மீதிப் பாரம் உன்கிட்டச் சொல்லாம வச்சிருந்தது."

அவர் அழுதார். சத்தம் போட்டு அழவில்லை, வெட்கப்படவும் இல்லை. அக்காவும் அழுதாள். ஆனால் அழும்போதே அவளுக்கு உள்ளே ஏதோ தளர்ந்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஏமாற்றம் வரவேண்டிய இடத்தில் இது எப்படி வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியம். உண்மையைச் சொன்னால் அவள் களைத்துப்போயிருந்தாள். ஒவ்வொரு காலையும் அந்தக் கால்களுக்காக எழுந்து, ஒவ்வொரு இரவும் அவை அசையாததைப் பார்த்துப் படுத்து, சோர்ந்தாலும் சோர்வு என்று சொல்லக்கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு வாழ்ந்தவள். அவர் கால்களுக்காகக் காத்திருக்கவில்லை, அவள் ஒருத்திதான் காத்திருந்தாள் என்று தெரிந்ததும், இனி கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியது. அன்றைக்கு இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஹாரனை வரச்சொல்லி, வண்டியை எடுக்கவைத்து, சரிவில் இறக்கி, தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தவைத்தாள். லேசாக உரசியது. அக்கா குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவரோடு தானும் இறங்கிப் படியேறினாள். காவல்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வரவேற்பறையில் நல்ல கூட்டம். யாரோ பெரிய மனிதர்கள் கோட்டு போட்டுக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். அக்கா வண்டிக்குள் பேசும் அதே குரலில், "மூத்திரப் பைக்கு எங்கம்மா குடுக்கணும்?" என்று கேட்டாள். கூடம் முழுக்கத் திரும்பியது. ஹாரனின் காது சிவந்தது. "அக்கா, மெதுவா" என்று கெஞ்சினார்.

"எதுக்கு மெதுவா? மெதுவாச் சொல்லிச் சொல்லித்தான் இவங்களுக்கு யாரும் தர்றதில்ல. நீங்க கடைக்குப் போனா உங்க கடைல வேலை பாக்கறவங்ககிட்டயும் சொல்லுங்க. உங்களுக்கு இது தன்னால வருது, ஒரு ஆளுக்கு வரலன்னு சொல்லுங்க. புரியாம போகுமா?"

உள்ளேயிருந்து ஆராய்ச்சி ஓடிவந்தாள். அக்கா கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாயை உரித்து அவள் வாயில் போட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை அக்காவின் அகராதியில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. அந்தப் பெண்ணும் அதை எதிர்பார்க்கவில்லை. பிரிவு மூடப்படாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். குளியலறைச் சுவர் இடிந்தது, கதவு அகலமானது. வாசலுக்குச் சரிவு கட்டியாயிற்று. பலகையை என்ன செய்வது என்று கொத்தனார் கேட்டதற்கு, எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றாள் அக்கா. இப்போது கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். சிலர் சிரிக்கிறார்கள். சிரித்தவர்கள்தான் தேறிய பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. சிக்னல் அண்ணன் தீப்பெட்டிப் பாடத்தின் நடுவே, "கொஞ்சம் இருங்க, எனக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு நேரே உள்ளே போய் வருகிறார். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அடுத்த ஊர். போகவே மூன்று மணி நேரம் ஆகும். அவரை வண்டியில் ஏற்றி, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்து, அக்கா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தள்ளி வைத்தார்.

"வேணாம்மா. வெளிய கெளம்பற அன்னைக்குக் காலைலேருந்து நான் சொட்டுத் தண்ணி குடிக்கறதில்ல. தொண்ட காஞ்சாலும் பரவால்ல."

"எத்தன நாளா?"

"விழுந்ததுலேருந்து. ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட."

அக்கா வண்டியைக் கிளப்பவில்லை. சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நேத்து உங்ககிட்ட கிளட்ச்சோட நீளமான பயிற்சின்னு சொல்லிட்டுப் போனேன்ல? பொய். இந்த ரோட்டுலதான் அண்ணன் வீடு வரைக்கும் போயிட்டு வந்தேன். பாலம் தாண்டினதும் ஒரு பெட்ரோல் பங்க். அங்க பாத்ரூம் கதவு அகலம், உள்ள நாற்காலி திரும்பும், நானே நாற்காலி அகலத்துக்கு ஒரு கூடையக் குறுக்க வச்சுப் பாத்தேன். தாழ்ப்பாள் சரியில்ல, நான் வெளிய நிப்பேன். அதுக்கப்புறம் ஒரு ஓட்டல், பின்பக்கம் படி கெடையாது. முதலாளிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன், தொடச்சு வைக்கறேன்னார். கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துல இருக்கறது வேணாம், நாத்தம். அண்ணன் வீட்டுல கதவு பத்தாது. நேத்தே கழட்டி வைக்கச் சொல்லிட்டேன், அண்ணி திரை போட்டிருக்கா. எங்க வேணும்னாலும் நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்தறேன்."

அவர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். அவசரப்படாமல், வாய் வைத்து, நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, அடிவரைக்கும் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, காலிப் பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"உள்ள போய் இன்னொரு தடவ ரொப்பிட்டு வா. வழிக்கு வேணும்."